மொழுமொழு

என் அக்கா புருஷன் ஒரு கடையில் கண்ணாடி அறுப்பவர். ஜன்னலுக்கோ மீன் தொட்டிக்கோ அளவு சொன்னால் போதும். வைரமுனையால் ஒரே இழுப்பு, மேஜை விளிம்பில் வைத்து லேசாக ஒரு தட்டு, துண்டு கையோடு வந்துவிடும். கை நடுங்கினால் பிழைப்பு போச்சு என்பதால் மது இருக்கும் திசைக்கே போகமாட்டார். விருந்தில் யாராவது கோப்பையை நீட்டினால், "வேணாம்ப்பா, நாளைக்கு வேலை இருக்கு" என்று நழுவிவிடுவார்.

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமையாச்சே, என்ன வேலை அத்தான்?" என்று வம்பிழுப்பேன்.

"உங்க அக்காகிட்ட திட்டு வாங்கற வேலை" என்பார்.

அக்கா உண்டாகியிருந்தபோது எது சாப்பிட்டாலும் வாந்தி, தூக்கமும் இல்லை. கடை முதலாளியின் மனைவி சொன்னாள் என்று அத்தான் ஒரு டானிக் வாங்கிவந்தார். லேபிளில் ஒரு திராட்சைக் கொத்து, பக்கத்தில் குழந்தையை ஏந்திய அம்மா. காலையில் அரை டம்ளர், படுக்கும்முன் ஒரு டம்ளர். குடித்ததும் உடம்பு கதகதப்பாகி அக்கா தூங்கிவிடுவாள். மருந்து கேட்கிறது என்று அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டில் காலியாகும் முன்பே அடுத்தது வந்துவிடும், பிரசவம் வரைக்கும்.

பெண் பிறந்தாள். பொடிசாக இருந்தாள். எல்லோருக்கும் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்குமே, அது அவளுக்கு இல்லை. துடைத்துவைத்த கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. அத்தான் அங்கே முத்தம் வைத்து "மொழுமொழு" என்றார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. தினமும் வேலை முடிந்து வந்ததும் வாசலில் நின்று "மொழுமொழு" என்று ஒரு குரல் கொடுப்பார். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவள் ஓடிவந்து, முத்தத்துக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

பள்ளிக்கூடம் போனபிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. நேற்று மளமளவென்று ஒப்பித்த வாய்ப்பாட்டை இன்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். பையை எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டுக்கொள் என்றால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே எடுக்கவில்லை என்பாள். திமிர் என்றாள் டீச்சர். அக்கா அடித்தாள், அடித்துவிட்டு அழுதாள். கடைசியில் தலைமை ஆசிரியர், காரணம் என்னவென்று டாக்டர் சொன்னால் தனியாகக் கற்பிக்க ஏற்பாடு செய்யலாம், இல்லையென்றால் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அக்காவும் அத்தானும் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனபோது நானும் கூடப் போனேன். டாக்டரம்மா பிள்ளையின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். மேலுதட்டை விரலால் தடவினாள்.

"வயித்துல இருக்கும்போது மது ஏதாவது குடிச்சீங்களா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்ல அந்த வாடையே கிடையாதுங்க."

"டானிக் மாதிரி ஏதாவது?"

அக்கா முகம் மலர்ந்தது. "அது குடிச்சேன். ஒரு நாள் விட்டதில்ல. மழை பேஞ்சாலும் இவர் போய் வாங்கிட்டு வந்துடுவாரு. அந்தப் பத்து மாசமும் என்னை அப்படித் தாங்கினாருங்க." அத்தானைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

டாக்டரம்மா டானிக்கின் பெயரைக் கேட்டாள். அத்தான் சொன்னார்.

"அது ஒயின்தாங்க. டானிக்னு பேர் போட்டு விக்கறாங்க."

தாய் குடிப்பது பிள்ளைக்கும் போய்ச்சேரும், வளர்கிற மூளையில் ஞாபகமும் நிதானமும் அடிபட்டுவிடும் என்று மெதுவாகச் சொன்னாள். உதட்டின்மேல் பள்ளம் விழாததும் அதன் அடையாளம்தானாம். "இவ திமிர் பிடிச்சவ இல்ல. அவளால பிடிச்சு வச்சுக்க முடியல. முழுசா சரியாகும்னு சொல்லமாட்டேன். ஆனா ஒவ்வொண்ணா, பொறுமையா சொல்லிக்கொடுத்தா முன்னுக்கு வருவா. நீங்க தெரிஞ்சு செய்யல."

அக்காவின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிருந்தது. அத்தான் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்தார். அந்தக் கைகள் நடுங்கி நான் பார்த்தது அன்றுதான். திட்டுவதற்கு ஆள் தேடினேன். லேபிளில் இருந்த அந்த அம்மாவைத் தவிர வேறு யாரும் அகப்படவில்லை.

மறுநாள் காலை முழுக்க அக்கா அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். "முதல்ல செருப்பு. போட்டுட்டியா? அப்புறம் பை."

சாயங்காலம் அத்தான் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். குரல் வரவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்தவள் காத்துக்காத்துப் பார்த்துவிட்டுத் தலையை நீட்டினாள்.

"மறந்துட்டியாப்பா?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"பரவால்லப்பா, ஒவ்வொண்ணா சொல்லு," என்றாள். "முதல்ல ஒரு மொழு. சொல்லிட்டியா? அப்புறம் இன்னொரு மொழு."

அத்தான் சொன்னார். அவள் ஓடிவந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.