ஜோர்ஜியாவுக்கு எந்தத் தட்டு?

கதிரையில் ஏறி நின்று நவரத்தினம் துருக்கியை மறுபடியும் ஐரோப்பாவிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறார். கையில் நாலு ஒலிவ் போத்தல்.

"காலமை ஒரு மனுசி வந்து நாங்கள் ஐரோப்பா எண்டவ. இப்ப ஒருத்தர் வந்து துருக்கி ஆசியாவெல்லோ, ஏன் இஞ்ச வைச்சிருக்கிறியள் எண்டுறார். ரெண்டு பேரும் துருக்கிக்காரர்தான் அண்ணை. நான் என்ன செய்ய ஏலும்?" என்கிறார் என்னிடம்.

வால்தம்ஸ்டோவில் இருக்கும் அவருடைய பலசரக்குக் கடையில் சாமான்கள் கண்டம்வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். பருப்பு வாங்கப் போனால் எந்த நாட்டுப் பருப்பு என்று தெரிந்திருக்க வேண்டும். ஜேர்மனியில் பதினெட்டு வருடம் தபால் கிடங்கில் பொதி பிரித்ததில் பிடித்த வியாதி இது. ஒவ்வொரு தட்டுக்கும் மேலே கொக்கியில் ஒரு பலகை ஆடும். ஐரோப்பா, ஆசியா, ஆபிரிக்கா என்பவற்றால் தொல்லை இல்லை. இடையில் கிடக்கும் நாடுகள்தான் மனுசனின் உயிரை எடுக்கின்றன. எகிப்தில் ஒரு துண்டு ஆசியாவில் கிடக்கிறது என்று யாரோ சொன்ன நாளில், எகிப்துப் பேரீச்சம்பழத்தில் கொஞ்சத்தை மட்டும் தூக்கி அங்கே வைத்தார்.

'மத்திய கிழக்கு' என்றும் ஒரு பலகை போட்டுப் பார்த்தார். ஈரானியக் கிழவர் ஒருவர், "யாருக்குக் கிழக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று முழுவதும் நவரத்தினத்துக்கு வியாபாரம் ஓடவில்லை.

"அந்தாள் கேட்டது நியாயம்தானே. பருத்தித்துறையில நிண்டு பார்த்தால் அது மேற்கெல்லோ?"

மறுநாள் 'மத்திய மேற்கு' என்று எழுதித் தொங்கவிட்டார். ஒரு கிழமையாக ஒரு சனமும் அந்தத் தட்டைக் கண்டுபிடிக்கவில்லை. பலகை கழன்றது.

ஒரேயொரு பலகை மட்டும் ஆணியடித்தது. காசு மேசைக்குப் பின்னால் இருக்கும் அதில் 'எங்கட சாமான்' என்று எழுதியிருக்கும். பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மா, பனங்கட்டி, வீட்டு மிளகாய்த்தூள். கொழும்பு பிஸ்கட் கேட்டால், "அது ஆசியாவில கிடக்கு, போய் எடுங்கோ" என்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் மகள் லக்‌ஷிகா, ஜோர்ஜியாக்காரப் பெடியனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். பெயர் லெவான், குரோய்டனில் டிராம் ஓட்டுகிறான். இரண்டு மாதமாக நவரத்தினம் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சொந்தக்காரர் போனில், "பெடியன் வெள்ளையோ?" என்று துளைக்கும்போது மனைவி யோகமலர் புருசனைப் பார்ப்பார். புருசன் சுவரில் ஒட்டிய உலகப் படத்தைப் பார்ப்பார்.

"கோக்கசஸ் மலைக்கு இஞ்சால ஐரோப்பாவோ, அங்கால ஐரோப்பாவோ எண்டு படிச்சவங்களுக்கே தகராறு. முதல்ல அவை எந்தக் கண்டமெண்டு முடிவாகட்டும்."

போன கிழமை நான் மரக்கறி பொறுக்கிக்கொண்டிருந்தபோது லக்‌ஷிகா வெடித்தாள்.

"அப்பா, ப்ளீஸ்! மேப்புக்குப் பின்னால ஒளிக்காதேங்கோ. சண்டே லெவானின்ட அம்மா கடைக்கு வாறா. அவவுக்கு முன்னாலயும் இதையே சொன்னீங்கள் எண்டால் நான் இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டன்."

மனுசன் ஏற்கெனவே துடைத்த மேசையைத் திரும்பத் துடைத்தார். எனக்கே கோபம் வந்தது. அத்தனை கண்டத்தையும் கரைத்துக் குடித்தவருக்கு, முன்னால் நின்ற பிள்ளையின் முகம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை மினக்கெட்டு நானும் போனேன். உப்பு வாங்கத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். லெவானின் அம்மா கட்டையான மனுசி. ஆங்கிலம் ஒரு சொல் வராது. கைப்பைக்குள்ளிருந்து பேப்பரில் சுற்றிய ஒரு போத்தலை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். வீட்டில் காய்ச்சிய பிளம்ஸ் சோஸ் என்றான் லெவான்.

நவரத்தினம் மூடியைத் திறந்து, விரலால் தொட்டு நக்கினார்.

"நல்ல புளி. மீன் பொரியலுக்குத் திறமாய் இருக்கும்" என்றார் யோகமலரிடம்.

பிறகு போத்தலோடு நடக்கத் தொடங்கினார். ஐரோப்பாவுக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். லக்‌ஷிகா லெவானின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆசியாவுக்கு முன்னாலும் நின்று, மேலே ஆடிய பலகையைப் பார்த்தார். திரும்பி வந்து காசு மேசைக்குப் பின்னால் போனார். ஆணியடித்த பலகைக்குக் கீழே ஒடியல் மாப் பைக்கற்றை ஒதுக்கி, போத்தலை நடுவில் வைத்து, அது சரியாமல் இருக்க மிளகாய்த்தூள் டின்னால் அணை கொடுத்தார்.