பசிக்கு ஒரு பிளா

சோற்றுப் பானையைத் திறக்குமுன் அற்புதராணி பிளாவைத்தான் எடுப்பாள். பனையோலையில் மடித்துக் கட்டிய அந்தக் குவளையில் கள்ளை வார்த்து, நுரை அடங்கக் காத்திருந்து, மிதக்கும் எறும்பைச் சுண்டுவிரலால் எடுத்தெறிந்த பிறகே புருஷனைக் கூப்பிடுவாள். "இஞ்சாருங்கோ, பசிக்குக் குடிச்சிட்டு வந்து இருங்கோ." குருநகரில் கள்ளுக்காகப் புருஷனோடு மல்லுக்கு நிற்காத பெண்கள் அரிது. இவளோ கள்ளு விற்கும் தவறணையின் பின்வாசலுக்குப் போய், கள்ளு நிறைந்த மண்முட்டியைச் சேலைத் தலைப்பால் மூடி, தானே வாங்கி வருகிறாள். "உவளுக்குத்தான் குடிப்பழக்கம்" என்று ஒழுங்கையில் போகிறவர்கள் சிரிப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவள் புருஷன் கனிசியஸ் ஒரு காலத்தில் கடலிலிருந்து வந்ததும் சட்டிச் சோற்றைக் காலி பண்ணுகிறவர். மூத்த மகன் நெருப்புக் காய்ச்சலில் போன பிறகு, சோற்றுப் பீங்கானைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார். பக்கத்து வீட்டுத் தங்கமுத்துதான் வழி சொன்னாள். "சாப்பாட்டுக்கு முன்னம் ஒரு பிளா குடுத்துப் பார் பிள்ளை. வயித்தைக் கிளப்பும்." கிளப்பத்தான் செய்தது. அன்று அவர் மீன்குழம்பை வழித்து வழித்துத் தின்றுவிட்டு, "இன்னும் சோறு கிடக்கோ?" என்றார். அடுப்படியில் நின்று அவள் சந்தோஷத்தில் அழுதாள்.

அந்தக் கேள்வியை இன்னொருமுறை காதால் கேட்டுவிடத்தான் இத்தனை பாடும். அவர் தின்கிற சோறு குறையக் குறைய, கள்ளுப் போதவில்லை என்றே அவளுக்குப் பட்டது. ஒரு பிளா இரண்டாகி, பிறகு முட்டியே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. கள்ளால் நிறைந்த வயிற்றில் சோறு எங்கே இறங்கும்? இதை அவளிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. சொன்னாலும் பாவம், நம்பியிருக்க மாட்டாள்.

தபசு காலத்து நோன்புக்காக அவர் கள்ளை விட்டார். முதல் கிழமை இரவிரவாய்ப் புரண்டார். பிறகு மெல்ல மெல்லச் சாப்பாடு ஏறியது. பெரிய வெள்ளி நெருங்கும்போது மரவள்ளிக் கிழங்கைக் கேட்டு வாங்கித் தின்றார். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. "அந்தோனியார் கண் திறந்திட்டார்" என்று அவள் மெழுகுதிரி கொண்டு கோயிலுக்கு ஓடினாள். உயிர்த்த ஞாயிறன்று, தின்கிற மனிதனுக்கு இன்னும் நன்றாய்ப் பசிக்கட்டுமென்று தன் கையாலேயே பிளாவை நிரப்பி வைத்தாள். பக்கத்தில் கோழிக்கறி. கறி அப்படியே ஆறிப்போனது.

இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை. சட்டையைக் கழற்றினால் பார்க்கச் சகிக்காது. நேற்று மத்தியானம் அவள் சோற்றைக் குழைத்து, முள் எடுத்த விளைமீனை உள்ளே பொதித்து, பிள்ளைக்குத் தீத்துவது போல நீட்டினாள்.

"ஒரு வாய், எனக்காகத் தின்னுங்கோ."

"வேண்டாமடி. வயிறு நிறைஞ்சு கிடக்கு."

"காலமையிலை இருந்து ஒண்டும் தின்னேல்லையே, என்னத்தாலை நிறைஞ்சது?"

கேட்டுவிட்டு அவளே திகைத்துப்போனாள். கண் கள்ளு முட்டிக்குப் போனது, அங்கேயே நின்றது. தபசு காலத்தில் சதை வைத்த அவர் கன்னம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"உந்தக் கள்ளிலை கொஞ்சம் வார்த்துத் தா. குடிச்சால் தின்னுவன்," என்றார் கனிசியஸ்.

அவள் சோற்றுருண்டையைப் பீங்கானில் திரும்ப வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு பிளாவை நிரப்பி, இரு கையாலும் ஏந்தி, அவர் வாயில் பிடித்தாள்.