இரண்டு பேருக்காகத் தேர்ந்த புத்தகம்

யாழ்ப்பாண நகரில், பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் இருந்த ஒரு புத்தகக்கடையில், தையல் ரீச்சர் கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து ஒரு புத்தகத்தின் பக்கத்தில் வைத்து அளந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிள்ளைகளுக்குச் சட்டை வெட்டக் காட்டிக்கொடுக்கும் அதே மஞ்சள் நாடா. மதுரை ரயில் நிலையத்திலிருந்து கோயில் வாசல்வரை வரைபடத்தில் எத்தனை அங்குலம், பக்கத்தின் அடியிலுள்ள அளவுகோலின்படி அது எவ்வளவு தூரம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பெண்கள் நடந்து போகலாமா என்று அவர் கணக்குப் பார்த்தார். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் கடைசி அது. பருத்தித்துறையில் ஒரு பெண்கள் பாடசாலையில் எனக்கு முதல் நியமனம். கொடிகாமத்திலிருந்து தினமும் பேருந்தில் போய்வருவேன். ரீச்சருக்கு அப்போது முப்பத்தெட்டு வயதிருக்கும். மணமாகவில்லை. தாய் தகப்பன் இருவரும் போன பிறகு கடற்கரைப் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தார். சட்டை தைக்கக் கொடுக்கும் நாட்களில் மற்ற ஆசிரியைகள் அவரோடு நன்றாகக் கதைப்பார்கள். மற்ற நாட்களில் அவர் மதியச் சோற்றைத் தையல் அறையிலேயே சாப்பிட்டுவிடுவார். நான் போன பிறகு நாங்கள் இரண்டு பேராகச் சாப்பிட்டோம். அப்படிச் சாப்பிட்ட ஒரு நாளில்தான், ஓகஸ்ட் விடுமுறைக்குத் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா போவோமா என்று கேட்டார். யாத்திரைக் கூட்டத்தோடு அல்ல, நாங்களாகவே. மலிவான விடுதிகளில் தங்கி, மதுரை, திருச்சி, தஞ்சாவூர் பார்த்துவிட்டுப் பத்து நாளில் திரும்புவது. நான் யோசிக்காமல் ஓம் என்றேன்.

கடையில் மூன்று புத்தகங்கள் இருந்தன. ஒன்றில் வழவழப்பான தாளில் வண்ணப் படங்கள். இன்னொன்று தமிழில், ஒவ்வொரு கோயிலின் தலபுராணத்தையும் விரிவாகச் சொல்லியது. பேருந்து எங்கே இறக்கிவிடும் என்று மட்டும் சொல்லவில்லை. மூன்றாவது யாரோ வெள்ளைக்காரப் பயணி விற்றுவிட்டுப் போன ஆங்கிலப் புத்தகம். அட்டை பாதி கிழிந்திருந்தது. ஆனால் ஊருக்கு ஊர் தெரு வரைபடம் இருந்தது. மலிவு விடுதிகளுக்கு இலக்கம் போட்டுக் குறித்திருந்தார்கள். எனக்கு வண்ணப் படங்களில்தான் ஆசை. ரீச்சர் அதை மூடி வைத்தார்.

“உந்தப் படங்களைப் பாத்தால் போய்வந்தமாதிரி இருக்கும். உதை வைச்சுக்கொண்டு போக ஏலாது.”

எங்கள் பாஷை பேசுகிற ஊர்தானே, வழி கேட்டுப் போகலாமே என்றேன்.

“வழி கேட்டால் வழியை மட்டும் சொல்லமாட்டினம். ஆரோடை வந்தனீங்கள் எண்டும் கேப்பினம்,” என்றார்.

கிழிந்த அட்டைப் புத்தகத்தை வாங்கினோம். அதன் பிறகு ஒவ்வொரு மதியமும் அது துணி வெட்டும் மேசையில் விரிந்து கிடந்தது. ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, நிலையத்தை விட்டு இறங்கினால் முதலாவது சந்தியில் எந்தப் பக்கம் என்று சொல்லுவார். நான் படத்தைப் பார்த்துச் சரிபிழை சொல்லுவேன். நான் அடிக்கடி இடத்தையும் வலத்தையும் மாற்றிவிடுவேன். அந்த மதியங்களைப்போலச் சிரித்த நாட்கள் என் வாழ்க்கையில் அதிகமில்லை.

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் ஒருவருக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். இந்த நேரத்தில் கடல் கடந்து போனாள் என்று கதை வரக்கூடாது என்று அம்மா அழுதார். அழுகை மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். எனக்கும் அந்தச் சம்பந்தம் பிடித்திருந்தது. பேருந்துத் தரிப்பில் நின்று ரீச்சரிடம் சொன்னேன். அவர் கடல் பக்கம் திரும்பினார். பிறகு, “அப்ப நான் மட்டும் போறன்” என்றார். அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. படத்திலுள்ள தெருவெல்லாம் அப்படியே இருக்கிறது என்றும், தனிப் பெண்ணுக்கு அறை இல்லையென்று இரண்டு விடுதிகளில் சொல்லிவிட்டார்கள், மூன்றாவதில் ஒரு வயதான அம்மா இடம் தந்தார் என்றும் எழுதியிருந்தார். கடைசி வரியில், நீர் வந்திருந்தால் முதல் சந்தியிலேயே எங்களுக்குள் சண்டை வந்திருக்கும் என்றிருந்தது. அதை அம்மாவுக்குத் தெரியாமல் அரிசிப் பெட்டிக்குள் ஒளித்தேன்.

பாடசாலை தொடங்கியபோது அவருக்கு முன்னே கதை வந்துவிட்டது. தலைமன்னார் இறங்குதுறையில் யாரோ ஓர் ஆண் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்ததைக் கண்டவர்கள் இருந்தார்களாம். இரண்டாம் நாள் இடைவேளையில் பாடசாலை அதிபர் அம்மா ஆசிரியர் அறைக்கே வந்து, எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

“இந்தியாவுக்கு ஆரோடை போனனீர்?”

“ஒருத்தரோடையும் இல்லை. தனியத்தான்.”

“தனியவோ? பொம்பிளைப் பிள்ளையள் படிக்கிற இடம் இது. தாய் தகப்பன்மார் என்னட்டை வந்து கேக்கினம்.”

நான் அவருக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தேன். என் முன்னால் திருத்தாத கொப்பிகள். அவரோடு போக இருந்தது நான்தான், கடைசி நேரத்தில் நின்றுவிட்டேன் என்று சொன்னால் கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். சொன்னால் அது மாலைக்குள் கொடிகாமம் போய், அங்கிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்விடும். சிவப்புப் பேனையை எடுத்தேன். ஒரு கொப்பியைத் திறந்து, சரியாக இருந்த ஒரு விடையின் கீழ் கோடு போட்டேன்.

ரீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

“எங்கடை அப்பு தோணியிலை எத்தினை தரம் நாகபட்டினம் போய்வந்தவர். ஆரோடை போனனீங்கள் எண்டு அவரை ஒருத்தரும் கேக்கேல்லை,” என்று சொல்லிவிட்டு எழுந்து தையல் அறைக்குப் போனார்.

அன்றிலிருந்து நானும் ஆசிரியர் அறையிலேயே சாப்பிட்டேன். அந்தப் பள்ளித் தவணை முடியுமுன் ரீச்சர் இடமாற்றம் கேட்டு வன்னிப் பக்கம் போய்விட்டார். பிரியாவிடை எதுவும் நடக்கவில்லை. தை மாதம் எனக்குக் கல்யாணம்.

நாலைந்து வருடம் கழித்து, கொடிகாமம் சந்தைக்கு முன்னால் அவரைக் கண்டேன். என் இடுப்பில் சின்னவள். கணவர் கொஞ்சம் தள்ளி மாம்பழம் விலை பேசிக்கொண்டிருந்தார். ரீச்சர் மெலிந்திருந்தார். பிள்ளையின் சட்டை விளிம்பைத் திருப்பி, தையலைப் பார்த்து, கடையில் வாங்கியதா என்று கேட்டார். அவருடைய பேருந்து புறப்பட இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு நின்றது. இதைவிட்டால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

“ரீச்சர், அண்டைக்கு நான் சொல்லியிருக்கவேணும்.”

“ஓம்,” என்றார். “சொல்லியிருக்கலாம்.”

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போய் யன்னலோரம் அமர்ந்தார். பேருந்து திரும்பும்போது கை காட்டினேன். அவர் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரது என்று கணவர் கேட்டார். முந்தி ஒன்றாகப் படிப்பித்த ஒரு ரீச்சர் என்றேன். அதற்கு மேல் அவரிடமும் கடைசிவரை சொல்லவில்லை.

ரீச்சர் வன்னியிலேயே காலமானார் என்று பல வருடங்களுக்குப் பிறகு ஒரு பழைய மாணவி சொன்னாள். கணவரும் போய்விட்டார், பிள்ளைகள் தூர தேசங்களில். எனக்குச் சம்பந்தம் தவறிவிடும் என்ற பயம் இப்போது யாருக்கும் இல்லை. அன்று அந்த அறையில் இருந்தவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ தெரியாது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: தையல் ரீச்சர் எவரோடும் போகவில்லை. அவரோடு போக இருந்தது நான்தான்.