ஆபெல் பெரியப்பா அசையாமல் நின்ற ஒரு நிமிடம்

டெல்ஃபினா மயன்செலாவைப் போல ஒரு பிடிவாதக்காரியை எங்கள் கன்யார் மலை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. கல்யாணமோ ஞானஸ்நானமோ, பாதிரியாருக்கு முன்னால் அவளுடைய கேமரா போய் நிற்கும். ஊரில் பாதிப்பேர் நியூயார்க்கில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். அங்கே இருக்க அரசாங்கப் பேப்பர் இல்லாதவர்கள், ஊருக்கு வந்துவிட்டால் மறுபடி போக முடியாது. படமெல்லாம் அவர்களுக்காகத்தான். முன்பு டிவிடி அனுப்புவாள். 2007இல், "இனிமே வெப் பக்கத்துலயே போட்டுடறேன்ணே" என்று என் இன்டர்நெட் கடையின் மூலைக் கணினியைப் பிடித்துக்கொண்டாள்.

பிடித்தது சனியன். ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். டிவியில் பளிச்சென்று இருந்த ஆட்டம் கணினியில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். அசைகிற இடத்தில் எல்லாம் கோடு. அதை அழித்து, படத்தைச் சுருக்கி, முழுசும் இறங்குவதற்கு முன்பே பக்கத்தில் ஓடத் தொடங்கும்படி செய்ய வேண்டும். அவள் ஏற்றுகிற நேரத்தில் மற்ற கணினிகள் எல்லாம் தூங்கிவிடும். வாடிக்கையாளர்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.

ரூத் குவாமானின் கல்யாணப் படத்தை மூன்று மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு நிமிடமாக வெட்டினாள். நான் பார்த்துவிட்டு, "ஏய், வணக்கம் சொல்ற இடத்தக் காணோமே?" என்றேன். விருந்து முடிந்ததும் எல்லாரும் ஒவ்வொருவராகக் கேமரா முன் வந்து நியூயார்க்கில் இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்வது எங்கள் வழக்கம்.

"எல்லாரும் ஒரே பாட்டுத்தாண்ணே. 'நாங்க நல்லா இருக்கோம், நீயும் நல்லா இரு.' அத யாரு பாப்பாங்க? டான்ஸ் போதும்."

மடையன், நானும் தலையாட்டினேன்.

படம் பக்கத்தில் ஏறிய மறுநாள் காலை ரூத்தின் அண்ணன் எலிசியோ நியூயார்க்கிலிருந்து கடைக்கு போன் பண்ணினான். தங்கச்சி கல்யாணத்துக்கு பேண்டு வாத்தியம் வைக்கப் பணம் அனுப்பியவனே அவன்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, எங்கப்பா செத்துட்டாரா?"

"அட நீ ஒண்ணு! ஏண்டா இப்படிப் பேசுற?"

"பன்னெண்டு நிமிஷத்துல ஒரு இடத்துலயும் அவரக் காணோம். மறைக்காதீங்கண்ணே."

மூலைக் கணினியில் இருந்த டெல்ஃபினாவின் முகம் வெளுத்துவிட்டது. அவன் பயந்ததில் தப்பில்லை. வர முடியாதவர்களுக்கு இங்கே சாவைச் சொல்ல மாட்டோம். ஒரு வருஷம்கூட மூடி வைப்போம். அவன் அப்பா ஆபெல் பெரியப்பாவோ, மகன் சொல்லாமல் கிளம்பிப்போன நாளிலிருந்து ஒன்பது வருஷமாக போன் பக்கமே வரவில்லை.

"நேத்துகூட என் வாசல்ல நின்னு என்னத் திட்டிட்டுப் போனாருடா!"

"ரூத்தும் அப்படித்தான் சொல்றா. எல்லாரும் அப்படித்தான் சொல்வீங்க." வைத்துவிட்டான்.

டெல்ஃபினா கேசட்டைச் சுழலவிட்டாள். வரிசையின் கடைசியில், கல்யாண உடையில் ரூத் கையைப் பிடித்து இழுத்துவர, பெரியப்பா வந்து நின்றார். ஒரு நிமிடம். வாயைத் திறந்தார், மூடினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

"ஒரு வார்த்த பேசலயேன்னுதாண்ணே வெட்டுனேன்," என்று மூக்கை உறிஞ்சினாள்.

"அழுவாத. ஏத்து."

அசையாத மனுஷர், அழிக்கக் கோடே இல்லை. கடையிலிருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பி, மொத்த இணைப்பையும் அவளுக்கே விட்டேன். அந்த ஒரு நிமிடத்துக்குத் தனிப் பக்கம், முகவரி எலிசியோவுக்கு மட்டும். மதியத்துக்குள் ஏறிவிட்டது. எத்தனை முறை ஓடியது என்று பக்கத்தின் அடியில் எண் காட்டும். ஒன்று. மூன்று. ஏழு. அவன் போன் பண்ணவே இல்லை. எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பெரியப்பாவே கடைக்குள் வந்தார். உட்காரவில்லை.

"பாத்தானா?"

"நாப்பத்தோரு தடவ, பெரியப்பா," என்றாள் டெல்ஃபினா.

"அங்க அவனுக்கு வேல வெட்டி ஒண்ணும் இல்லயா?" என்று எரிந்து விழுந்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கேமராவ எடு. இந்தத் தடவ பேசுறேன்."