கடைசி லெவல்

சகாயம் வாழ்நாளில் பீடியைத் தொட்டதில்லை. ஆனாலும் மாரிகுப்பம் லைன் வீடுகளில் பீடிக்காரன் என்ற பட்டம் அவருக்குத்தான். போன வருஷம் ஒரு டாக்டர், அவர் இருமியதைக் கேட்டதும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "பீடியை விடவும்" என்று சீட்டில் எழுதிவிட்டார். இருபத்தாறு வருஷம் தங்கச் சுரங்கத்தில் பாறையைத் துளைத்தவர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தப் புண்ணியவானுக்கு நேரமில்லை. சகாயத்தின் மனைவி அமலாவுக்கோ டாக்டர் எழுதினால் வேதவாக்கு. அன்றிலிருந்து சட்டைப் பையைத் தடவுகிறாள், கிட்டே வந்து மோந்து பார்க்கிறாள். "கல்யாணமான புதுசுலகூட இவ்ளோ கிட்ட வந்ததில்லியே" என்று சகாயம் சீண்டிப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால் ஆண்டர்சன்பேட்டை சர்ச் ஹாலில் இலவச மருத்துவ முகாம் என்றதும், இந்தப் பழியைத் துடைத்தே தீருவதென்று பழைய எக்ஸ்ரேயோடு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். பெங்களூரிலிருந்து வந்திருந்த டாக்டர் தாரா சின்னப் பெண். ஒவ்வொருவர் நெஞ்சிலும் குழலை வைத்துக் கேட்டுத் தாளில் குறித்துக்கொண்டு, எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டாள்.

"கடைசியா லெவல் எவ்ளோ?"

அவள் கேட்டது சர்க்கரை அளவை. தங்கவயல்காரனுக்கு லெவல் என்றால், பூமிக்குள் எத்தனையாவது அடுக்கில் வேலை பார்த்தாய் என்றுதான் அர்த்தம்.

"தொண்ணூத்தி எட்டு" என்றார் சகாயம் பெருமையாக. "எழுவத்தி ரெண்டு" என்றார் அடுத்து வந்த கிளமெண்ட். அட, இந்த ஊரில் யாருக்குமே சர்க்கரை இல்லையே என்று தாரா மகிழ்ந்துபோனாள். அப்புறம் ஆபீஸ் கிளார்க்காக இருந்த ராஜேந்திரன் வந்தார்.

"எனக்கு லெவலே கெடையாது மேடம். சர்ஃபேஸ்."

பேனா நின்றது. ஹாலே சிரித்தது. யாரோ விஷயத்தைப் போட்டு உடைக்க, தாராவும் சிரித்தாள். சிரித்தபடியே தன் தாளைப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது. நம்பர் ஏறி ஆழம் கூடக் கூட, நெஞ்சில் மூச்சு இழுக்கும் விசிலும் ஏறியிருந்தது. மேலே நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட ராஜேந்திரன் எழுபத்தெட்டு வயதிலும் தினம் ஒரு பாக்கெட் சிகரெட் ஊதுகிறார், நெஞ்சு கணீரென்று இருக்கிறது. தூசியும் ஆள் பார்த்துத்தான் இறங்கியிருக்கிறது.

அவள் சகாயத்தைத் திரும்பக் கூப்பிட்டு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ஐயா, நீங்க பீடியே குடிச்சதில்லையா?"

"அதத்தாம்மா ஒரு வருஷமா கத்திக்கினு இருக்கேன்!"

"பாறைத் தூசியால் வந்த நுரையீரல் நோய். புகைப்பழக்கம் இல்லை" என்று தாரா எழுதிக் கொடுத்தாள். சகாயம் ஜெயித்த வேட்பாளர் மாதிரி வீட்டுக்குள் நுழைந்து சீட்டை நீட்டினார்.

அமலா இரண்டு தரம் படித்தாள். "இதுக்கு இன்னா மருந்தாம்?"

"தூசிக்கு ஏது மருந்து? உள்ள போனது இனிமே வெளிய வராதாம்" என்றார் சகாயம், ஜெயித்த குஷியிலேயே.

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "பீடின்னா வுட்டுட்டு பொழைச்சிக்குவியேன்னு இருந்தேன்யா."

பேசாமல் பீடியே குடித்திருக்கலாம் என்று சகாயத்துக்கு முதல் தடவையாகத் தோன்றியது.