தவராசா அண்ணை வண்டியை விட்டு இறங்கிய நாள்

தவராசா அண்ணை காலமான செய்தி வந்தபோது நான் ஹோட்டல் சமையலறையில் கரட் சீவிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவருடைய மனைவி இராணி அக்கா. அவர் அழவில்லை. "அண்ணை போயிட்டார், தம்பி. காலமை பஸ்ஸுக்கு நிண்டவர், அப்பிடியே சரிஞ்சிட்டார்," என்றார். கத்தியை வைத்துவிட்டுக் குளிரறைக்குள் போய் நின்றேன். அங்கே அழுவதற்கு வேறு இடம் இல்லை.

சுவிஸில், துன் நகரத்து ஏரிக்கரையில் உள்ள அந்த ஹோட்டலில் அண்ணை பதினாறு வருடம் வேலை செய்தார். பாத்திரம் கழுவத் தொடங்கிச் சாலட் மேசைவரை வந்தவர். எனக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்த வாரமே ஷெஃபிடம் கதைத்து என்னை உள்ளே எடுத்தவரும் அவரே. அதிகம் பேசமாட்டார். ஆனால் தொலைக்காட்சியில் மிருகங்களைக் காட்டினால் வீடு பற்றி எரிந்தாலும் எழும்பமாட்டார். ஜெர்மன் விளங்காத காலத்தில், பாசை தெரியாமல் பார்க்கக்கூடியது அது ஒன்றுதான் என்பார்.

சுவிஸ் பாஸ்போட் கையில் கிடைத்ததும் எங்களவர்கள் முதலில் இந்தியாவுக்குப் போவார்கள். கோயில்களைக் கும்பிட்டு, சேலைகளை அள்ளிக்கொண்டு வருவார்கள். அண்ணையோ கென்யாவுக்குப் போகவேண்டும் என்றார். காடு பார்க்கத் தான் வரவில்லை என்று இராணி அக்கா கையை விரித்துவிட்டார். எனக்கும் அதே மாதத்தில்தான் பாஸ்போட் வந்திருந்தது. துணைக்கு நான் போனேன். 2006 ஆவணி. ஊரில் மறுபடியும் சண்டை தொடங்கி, வவுனியாவுக்கு அப்பால் போகும் பாதை பூட்டப்பட்டிருந்த நேரம்.

அங்கே அண்ணை வேறு மனிதராக இருந்தார். ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிக்க முன்கால்களை அகட்டிப் படாதபாடு படுவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆற்றில் நீர்யானைகளின் காதுகள் மட்டும் தெரிவதை அரைமணி நேரம் பார்த்தார். மரக்கிளையில் ஒரு சிறுத்தை தான் கொன்ற மானைத் தொங்கவிட்டிருந்தது. அதற்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள், மாடு போன்ற, தாடி வைத்த 'நூ' என்னும் மிருகங்கள் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நடந்துகொண்டிருந்தன. மழையைத் தேடி ஒவ்வொரு வருடமும் இப்படி அலைகின்றன என்றார் எங்கள் வண்டிச் சாரதி. அண்ணை வண்டியின் கம்பியைப் பிடித்தபடி எழும்பி நின்று பார்த்தார்.

"இதுகளும் இடம்பெயருதுகள், தம்பி. ஆனால் வருசா வருசம் திரும்பிப் போகுதுகள்," என்றார்.

நாலாம் நாள் புதர் நிழலில் ஒரு பெண்சிங்கம் படுத்திருந்தது. இருபது அடி தூரம்கூட இராது. நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு ஜீப் வந்து வழிமறித்து நின்றது. பச்சை உடுப்பு, கையில் துவக்கு. காட்டுக் காவலர்கள். அனுமதிச் சீட்டுக் கேட்பதற்காகச் சாரதியை நோக்கிக் கையசைத்தார்கள். அண்ணை கதவைத் திறந்து இறங்கி, பாஸ்போட்டை வலது கையில் உயர்த்திப் பிடித்தபடி புல்லுக்குள் நின்றார்.

வவுனியாப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சோதனைச் சாவடி வந்தால் இறங்க வேண்டும், அடையாள அட்டையைக் கையில் பிடிக்க வேண்டும், வரிசையில் நடக்க வேண்டும். உடம்பு படித்த பாடம் அது. சாரதி அலறினார். கூட வந்திருந்த சுவிஸ்காரத் தம்பதிகள் உறைந்துபோனார்கள். சிங்கம் எழும்பி நின்றது. காவலர் ஒருவர் ஜீப்பைப் பக்கத்தில் கொண்டுவந்து மறைத்து, அண்ணையை முதுகில் தள்ளி வண்டிக்குள் ஏற்றினார்.

திரும்பி வந்ததும் ஒரு பிறந்தநாள் விழாவில் அதைச் சொன்னேன். கையை உயர்த்தி நடித்தும் காட்டினேன். மண்டபம் வயிறு குலுங்கச் சிரித்தது; அண்ணையும் சிரித்தார். பிறகு போகிற இடமெல்லாம் என்னைக் கேட்டுச் சொல்லவைத்தார்கள். பிள்ளைகள் அவரைச் 'சிங்கம் மாமா' என்றார்கள். அவர் விழாக்களுக்கு வருவதை நிறுத்தினார். எல்லோருக்கும் காட்டவென்று பெருப்பித்து எடுத்த படங்களை ஒருவருக்கும் காட்டவில்லை. என்மேல் மட்டும் கோபிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த மூன்று வருடமும் பத்து மணித் தேநீரை எனக்கும் சேர்த்தே ஊற்றினார். நாளைக்கு மன்னிப்புக் கேட்போம், நாளைக்குக் கேட்போம் என்று நானும் அதைக் குடித்தேன். வெட்கம் கெட்டவன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி இராணி அக்கா கேட்டார். கேட்டுவிட்டு, "தம்பி, அண்டைக்கு அவர் இறங்கேக்கை நீ எங்கை இருந்தனீ? அவர் ஒருநாளும் சொல்லேல்லை," என்றார். நான் எழும்பி வந்துவிட்டேன்.

அக்கா, அண்ணைக்கு முன்னமே இறங்கியவன் நான். துவக்கைக் கண்டதும் முதலில் கதவைத் திறந்தது என் கை. அவர் இறங்கியது எனக்குப் பின்னால். இறங்கியவர் என்னைச் சேட்டுக் கொலரில் பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னே இழுத்துவிட்டு, சிங்கத்துக்கும் எனக்கும் நடுவில் நின்றார். ஒவ்வொரு மண்டபத்திலும் நான் அவரைத் தனியே இறக்கிவிட்டேன். அவர் ஒரு தடவைகூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அண்ணை, இனி உங்களை ஒருவரும் வழிமறிக்கமாட்டார்கள். வண்டி எங்கே நின்றாலும் நீங்கள் இறங்க வேண்டாம். இருந்தபடியே போங்கள்.