பத்தொன்பதாம் நம்பர் வீட்டில் சோதனை

எழுபதுகளின் கடைசியில், காரைக்காலில் ஒரு காலைப்பொழுது. தபால்காரரான என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் உளுந்து களைந்துகொண்டிருந்தேன். வாசலில் நான்கு போலீஸ்காரர்களின் சிவப்புத் தொப்பிகள் தெரிந்தன. சப்-இன்ஸ்பெக்டர் கையில் ஒரு தாள்.

"வீட்ட சோதனை போடணும்மா. சிலோன் கடத்தல் சரக்கு இருக்குன்னு தகவல்."

பயத்துக்கு முன்னால் எனக்கு ஆச்சரியம்தான் வந்தது. எங்கள் வீட்டில் ஒளித்துவைக்க என்ன இருக்கிறது? அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள். மாதா படத்துக்குப் பின்னாலும் கைவிட்டுத் துழாவினார்கள். ஒரு போலீஸ்காரர் மட்டும் என் கல்யாணப் புடவையைத் திரும்ப மடித்துவைக்கப் பார்த்தார், மடிக்கத் தெரியவில்லை. எதிர்வீட்டு மீன்கார அக்காவைச் சாட்சியாக நிறுத்தியிருந்தார்கள். தெருவே கூடிவிட்டது. ஒன்றும் கிடைக்காமல் போனார்கள்.

மத்தியானம் சாப்பிட வந்த என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாள்ல என்ன நம்பரு?" என்றார்.

"பத்தொம்போதுன்னு பாத்தேன்."

வாசலுக்குப் போய் நிமிர்ந்து பார்த்தார். பிரெஞ்சுக்காரன் காலத்து நீலத் தகட்டில் பத்தொன்பது. அதன் கீழே முனிசிபாலிட்டி எழுதிய புது நம்பர் முப்பத்திரண்டு. புது பத்தொன்பது தெருக்கோடியில் இருந்தது.

சாயங்காலம் இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம்.

"பழைய தகட்ட நீங்க கழட்டியிருக்கணும்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"ரெண்டு நம்பரும் இருக்கு சார். நீங்க ஒண்ணத்தானே படிச்சிருக்கீங்க" என்றார் என் கணவர்.

"சரி, தப்பு நடந்துபோச்சு. விடுங்க."

"தெருவே பாத்துச்சுங்க" என்றேன். "எங்க வீட்டுல ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுங்க."

தரவில்லை. மேலதிகாரிக்கு நானே கைப்பட மனு எழுதினேன். மூன்று வாரம் கழித்து அந்த அதிகாரியே எங்கள் வீட்டுக்கு வந்து நான் சொன்னதை எல்லாம் குறித்துக்கொண்டார். எனக்கோ கேட்க ஆயிரம் இருந்தது.

"நம்பர எழுதிக் குடுத்தது யாருங்க? தெருவுல ஒருத்தரயாவது விசாரிச்சாங்களா? அந்த வீட்டுக்கு அப்பறம் போனாங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "நான் உங்கள விசாரிக்க வந்தேனா, நீங்க என்னையவா?" பிறகு பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "போனாங்க. பூட்டிக் கெடந்துச்சு. நம்பரு சரியாத்தான் வந்துச்சும்மா. எந்த வீடுன்னு விசாரிச்சிருக்கணும், விசாரிக்கல. அது எங்க தப்பு."

"அதையே எழுதிக் குடுங்க" என்றேன்.

பிறகு மூன்றே வரியில், முத்திரையோடு கடிதம் வந்தது. தவறுதலாகச் சோதனையிடப்பட்டது, எதுவும் கைப்பற்றப்படவில்லை, வருந்துகிறோம். மீன்கார அக்கா வீட்டு வாசலில், நாலு பேர் இருக்கும்போது, சத்தமாகப் படித்தேன்.

"தப்புன்னு அவங்களே எழுதிட்டாங்களா?" என்று அக்கா முத்திரையைத் தடவிப் பார்த்தாள்.

அந்த சப்-இன்ஸ்பெக்டரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டதாகப் பேச்சு. அதே ஸ்டேஷனில்தான் இருந்தார். வெகுநாள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் மார்க்கெட்டில் தானாகவே எதிரே வந்து நின்றார்.

"அன்னிக்கு நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்மா."

கோபமாக ஏதாவது சொல்லத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். "சரிங்க" என்று மட்டும் வந்தது.